கயிறு அசையவில்லையா? முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்

கேள்வி: என் படகு பாசிர் ரிஸ் பக்கம் நிற்கிறது. இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின். நான்கு மாதமாக ஓட்டவில்லை. இப்போது கயிற்றை இழுத்தால் துளிகூட அசையவில்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். வேறு வழி உண்டா?
– வாசகர், பொங்கோல்

பதில்: கயிறு அசையவில்லை என்பதற்காக பிஸ்டன் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கியர் விழுந்திருந்தால் கயிற்றைப் பூட்டிவிடும் ஏற்பாடு பல அவுட்போர்டுகளில் உண்டு. அதன் கேபிள் துருப்பிடித்தாலும் இதே கதைதான். எனவே நியூட்ரலில் வைத்து, கயிறு சுற்றும் மூடியைக் கழற்றி ஓரமாக வையுங்கள். இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, மேலே உள்ள கனத்த சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் வலஞ்சுழியாகத் திருப்புங்கள்.

சுற்றினால் நல்ல செய்தி. பிளக் துளை வழியே தண்ணீரோ பெட்ரோலோ பீய்ச்சினால், சிலிண்டருக்குள் நின்ற திரவம்தான் பிஸ்டனைத் தடுத்திருக்கிறது. உப்புநீராக இருந்தால் அன்றே வெளியேற்றி எண்ணெய் தெளியுங்கள். மறுநாள் என்றால் துரு முந்திக்கொள்ளும்.

சுற்றாவிட்டால் கீழ்ப்பகுதியை, அதாவது கியர் பெட்டியை, போல்ட்டுகளையும் கியர் கம்பி இணைப்பையும் கழற்றி இறக்குங்கள். இப்போது ஃப்ளைவீல் சுற்றினால் கோளாறு கீழேதான். கியர் எண்ணெயை வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிய தூண்டில் நரம்பு, தண்ணீரைத் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை அறுப்பது வழக்கமான காரணம்.

அப்போதும் சுற்றவில்லையா? பிளக் துளைக்குள் கைப்பேசியில் இணைக்கும் சிறு கேமராவை விடுங்கள். செம்பழுப்புத் துரு தெரிந்தால் நின்றே பிடித்த எஞ்சின், பெரும்பாலும் மீட்கலாம். சுவரில் வெள்ளிக் கோடுகளாக அலுமினியம் அப்பியிருந்தால் சூட்டிலோ எண்ணெய்ப் பற்றாக்குறையிலோ பிடித்தது. அதை ஊறவைத்துப் பயனில்லை, பிரித்தே ஆகவேண்டும்.

துருவுக்கு: ஏடிஎஃப் (தானியங்கி கியர்) எண்ணெயும் அசிட்டோனும் சம அளவு கலந்து, சிலிண்டருக்கு 30 மில்லி. படுக்கைவசச் சிலிண்டர் என்பதால் அப்படியே ஊற்றினால் வெளியே வழிந்துவிடும். எஞ்சினை முழுதாகச் சாய்த்துத் தூக்கிவிட்டால் துளைகள் மேலே பார்க்கும். கலவை சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் துளைகள் வழியே இறங்கும், ஆகவே தினமும் ஊற்றி மூன்று நாள் விடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். பிறகு ஃப்ளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு, நட்டை இறுக்கும் திசையில் மட்டும் மெல்ல அழுத்தம் கொடுங்கள். எதிர்த்திசையில் நட்டுதான் கழன்று வரும். நீண்ட குழாய் மாட்டி நெம்பினால் கனெக்டிங் ராடு வளையும். ஸ்டார்ட்டர் மோட்டாரை அழுத்திக்கொண்டே இருந்தால் அது எரியும். இரண்டுமே துருவைவிடப் பெரிய செலவு.

விடுபட்டதும் பிளக் இல்லாமலே சுழற்றி மிச்சக் கலவையை வெளியேற்றி, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கலாம்.

கேள்வி: எஞ்சின் ஓடும்போது பக்கவாட்டில் பீய்ச்சும் நீர் ஊசிபோல மெலிந்துவிட்டது. ஓட்டலாமா?
– வாசகர், சாங்கி

பதில்: உடனே நிறுத்துங்கள். நீர் உறிஞ்சும் வாயைப் பிளாஸ்டிக் பை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பீய்ச்சும் துளையில் உப்பு அடைத்திருக்கலாம், தடித்த தூண்டில் நரம்பால் குத்திவிடுங்கள். பிறகும் மெலிவு என்றால் இம்பெல்லரை, அதாவது நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரத்தை, மாற்றுங்கள். பழையதில் இறக்கை ஏதேனும் உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள். அது மேலேறி நீர்வழியை அடைக்கும்.