சிங்கப்பூருக்குச் செல்லும்போது அங்குள்ள கோப்பிக் கடைகளில் குடித்துப் பார்க்கலாமா? ஃபில்டர் காப்பிக்குப் பழகிய நாக்குக்கு ஒத்துவருமா?

தாராளமாகக் குடிக்கலாம். 'ஒத்துவருமா' என்று கேட்பதிலிருந்து, தாங்களும் என்னைப் போல் டபரா டம்ளரோடு வளர்ந்தவர், மகனையோ மகளையோ பார்க்கச் செல்கிறவர் என்று ஊகிக்கிறேன், தவறாயின் பொறுத்துக்கொள்ளவும்.

நான் மயிலாடுதுறைக்காரன். தோ பாயோவில் என் மகள் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழ்த்தளத்திலேயே ஒரு கோப்பிக் கடை இருந்தது. போய்ச் சேர்ந்த மறுநாள் காலை தனியே இறங்கிச் சென்று, சர்க்கரை வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி, ஒரு காப்பி கேட்டேன். தடித்த பீங்கான் கோப்பையில் வந்ததன் அடியில் இனிப்பூட்டிய டின் கெட்டிப்பால் படிந்திருந்தது. பாயசம் போல் இனித்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்குகிறவன் என்பதால் கோபம் வந்துவிட்டது. திரும்பிச் சென்று, கேட்டது ஒன்று கொடுத்தது ஒன்றா என்று சற்று உரக்கவே கேட்டேன். என்னைவிட மூத்தவரான அந்தச் சீன அம்மாள், "கோப்பி என்றால் இதுதான், அங்கிள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கத் தொடங்கினார். வரிசையில் நின்ற மலாய்ப் பெண்மணி ஒருவர்தான், 'கோப்பி சி கோசோங்' என்று கேளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்.

அங்கே வெறுமனே 'கோப்பி' என்றால் கெட்டிப்பால் சேர்ந்தது என்றே பொருள். 'ஓ' என்பது ஹொக்கியன் என்ற சீன மொழியில் கறுப்பு; பால் இராது, ஆனால் சர்க்கரை இருக்கும். 'சி' என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். 'கோசோங்' என்பது மலாயில் 'காலி'. அதைச் சேர்த்துச் சொன்னால்தான் சர்க்கரை போகும். முந்தைய இரவு தமிழர் கடையில் என் மகள் 'பரோட்டா கோசோங்' என்று கேட்டு வாங்கியதை அருகில் அமர்ந்து கேட்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

சுவையைப் பொறுத்தவரை, நம் காப்பியின் மணத்தை எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயோ மார்கரினோ சேர்த்துக் கருக வறுத்து, நீண்ட துணிப்பையில் பொடியை இட்டு வெந்நீர் ஊற்றி இறக்குகிறார்கள். நாம் கெட்டித்தன்மைக்கும் நிறத்துக்கும் சிக்கரி சேர்ப்பது போலத்தான் இதுவும் என்பது என் எண்ணம். சொந்த ஊர்க் காப்பியைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று சிலர் இங்கே வந்து எழுதக்கூடும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் பெயரெடுத்த, சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் பலர் முன்பு ஐரோப்பியர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலை பார்த்தவர்கள். கையில் கிடைத்த டின் பாலை வைத்து ஒரு முறையை உண்டாக்கி, அதை மறைக்காமல் விற்றார்கள். நம் நெடுஞ்சாலை ஓரங்களிலோ, பித்தளை டம்ளரை அடுக்கி 'கும்பகோணம் டிகிரி காப்பி' என்று பலகை மாட்டிவிட்டு, பாக்கெட் பாலில் தண்ணீர் விட்டுக் கொடுக்கிறார்கள். அதைக் கேட்பாரில்லை.

ஆகவே தாங்கள் 'சி கோசோங்' கேளுங்கள். இனிப்பு ஆகுமென்றால் 'சியூ டாய்' என்றால் குறைத்துப் போடுவார்கள். உடன் காயா என்னும் தேங்காய்ப்பால்-முட்டை ஜாம் தடவிய ரொட்டியும், சோயா சாஸும் வெள்ளை மிளகுத்தூளும் தூவிய அரைவேக்காட்டு முட்டையும் கிடைக்கும். முட்டை சாப்பிடாததால் அதைப் பற்றி நான் சொல்வதற்கில்லை. மேசையில் கைக்குட்டைத் தாள் பொட்டலம் இருந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம். குடித்து முடித்ததும் தட்டையும் கோப்பையையும் உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். கோப்பிக் கடைகளில் 2022 முதல் அது சட்டப்படி கட்டாயம்.

அந்த அம்மாளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு கட்டடம் தள்ளியிருந்த வேறொரு கடையில்தான் குடித்தேன்.