சிப்பி ஓடு மெலிந்தால் கடல் அமிலமாகிவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி: குமரி மாவட்ட மேற்குக் கடற்கரையில், ஆறு கடலில் விழும் இடத்தில், மகளிர் குழுவாகச் சேர்ந்து மூங்கில் நட்டுக் கயிற்றில் சிப்பி வளர்க்கிறோம். போன மே மாதம் இரண்டு நாள் கோடைமழை பெய்தது. அதன் பிறகு பாதிக்கு மேல் கயிற்றிலிருந்து கழன்று சேற்றில் விழுந்து செத்துப்போனது. மிச்சம் இருந்ததில் ஓடு மெலிசாக இருக்கிறது. கூர்முனைப் பக்கம் உரிந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஒருவர் வந்து, பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் முக்கிக் காட்டி, “கடல் அமிலமாகிவிட்டது, ஓடு கரைகிறது” என்றார். இருபது லிட்டர் ‘பிஹெச் பூஸ்டர்’ கேன் 1,800 ரூபாயாம், மாதம் நான்கு கேன் ஊற்ற வேண்டுமாம். வங்கிக் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கலாமா? இல்லை, தொழிலையே விட்டுவிடலாமா?

பதில்: கேனை வாங்காதீர்கள். தொழிலை விடவும் வேண்டாம்.

வந்தவர் சொன்னதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது, ஏமாறுவதும் அதனால்தான். ஆலையும் வண்டியும் கக்கும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. நீராவி இயந்திரக் காலத்துக்கு முன்பு கடல் மேற்பரப்பின் பிஹெச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், சுமார் 8.2 ஆக இருந்தது, இப்போது சுமார் 8.1. ஏழுக்கு மேல் இருப்பதால் அது இன்னமும் காரத்தன்மையுள்ள தண்ணீர்தான். ஆனாலும் அந்த 0.1 சின்ன விஷயமில்லை. பிஹெச் கணக்கில் அவ்வளவு இறங்கினாலே அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடிவிடும். சிப்பி ஓடு கட்ட இரண்டு சரக்கு வேண்டும்: கால்சியம், கார்பனேட். கால்சியம் கடலில் கொட்டிக் கிடக்கிறது. கரியமில வாயு கரையக் கரையக் குறைவது கார்பனேட். அது குறைந்தால் அதே ஓட்டைக் கட்டச் சிப்பி கூடுதலாகப் பாடுபட வேண்டும். ஊறப்போட்ட மாத்திரை மாதிரி வளர்ந்த சிப்பியின் ஓடு உங்கள் கண்ணெதிரே கரைவதெல்லாம் நடக்காது.

முதலில் அந்தப் பேனா மீட்டர். இந்த ரக மீட்டர்கள் பலவற்றின் அட்டையிலேயே ‘0.1 கூடலாம், குறையலாம்’ என்று அச்சிட்டிருக்கும். இருநூறு ஆண்டுகளில் உலகக் கடல் முழுதும் மாறிய அளவும் அவர் கையிலிருக்கும் கருவியின் பிழையும் ஒன்று! அதோடு கழிமுகத்தில் பிஹெச் ஒரே நாளில் அதைவிட அதிகமாக ஏறி இறங்கும். ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் சேறும் மூச்சுவிட்டுக் கரியமில வாயுவைச் சேர்த்துவைக்கும், அதனால் விடிகாலையில் அளவு குறைவாக இருக்கும். வெயில் ஏறியதும் பாசி அந்த வாயுவை இழுத்துக்கொள்ள, பிற்பகலில் அளவு ஏறும். இது தெரிந்த ஏஜென்ட் காலை ஆறு மணிக்கு வந்து முக்கிக் காட்டுவார், ‘மருந்து’ ஊற்றுவார், டீ குடித்துவிட்டு மூன்று மணிக்கு மறுபடி முக்கிக் காட்டுவார். ஏறியிருக்கும், பார்த்தீர்களா என்பார். அவர் ஊற்றாவிட்டாலும் ஏறியிருக்கும். அடுத்த முறை வந்தால் எதையும் ஊற்றவிடாமல் காலையும் பிற்பகலும் அளக்கச் சொல்லுங்கள். ஆள் திரும்பி வரமாட்டார்.

உங்கள் மூங்கில் நட்ட இடம் நூறு மீட்டர் நீளம், ஐம்பது மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கோடி லிட்டர் தண்ணீர். ஓதம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது, ஆற்று நீர் வேறு தள்ளுகிறது. இதில் மாதம் நான்கு கேன் என்பது கடலில் கரைத்த பெருங்காயம்தான். சும்மா போனாலும் பரவாயில்லை, சில கேன்களில் இருப்பது சுண்ணாம்புக் கரைசல். தண்ணீர் அசையாத நேரத்தில் கயிற்றுக்குப் பக்கத்தில் ஊற்றினால் சிப்பியின் செவுள் வெந்துவிடும், உங்கள் கையும் வெந்துவிடும். இன்னொரு வேடிக்கை: நூறு கிலோ சிப்பி ஓட்டைக் காளவாயில் முழுக்கச் சுட்டால் ஐம்பத்தாறு கிலோ சுண்ணாம்பு கிடைக்கும், பாக்கி நாற்பத்து நான்கு கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் போகும். அந்தச் சுண்ணாம்பைத்தான் கடலைக் காப்பாற்ற என்று விற்கிறார்கள்.

அப்படியானால் ஓடு ஏன் மெலிசு? கயிற்றுச் சிப்பிக்கு ஓடு எப்போதுமே பாறைச் சிப்பியைவிட மெலிசுதான். அலை மோதுவதில்லை, வெயிலில் காய்வதில்லை, எந்நேரமும் தீனி. உடம்பு சீக்கிரம் பெருக்கிறது, ஓடு தடிக்க நேரமில்லை. கூர்முனையில் வெள்ளை தெரிவது, கயிறுகள் ஒன்றோடொன்றும் மூங்கிலோடும் உரசி மேல்தோல் தேய்ந்ததால். அந்தப் பழுப்புத் தோல் போனால் கீழே இருக்கும் சுண்ணாம்பு அடுக்கு வெள்ளையாகத் தெரியும். ஒரு சிப்பியைப் பிளந்து உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று பளபளப்பாக இருந்தால் ஓடு கட்டும் வேலை ஒழுங்காக நடக்கிறது. கொப்புளம் மாதிரி புடைத்து, குத்தினால் கருப்புச் சேறு வந்தால் அது துளைக்கும் புழு. சல்லடை மாதிரி பொத்தல் என்றால் துளைக்கும் கடற்பஞ்சு. இரண்டுக்கும் பூஸ்டர் மருந்தில்லை.

கழன்று விழுந்ததற்கு வருவோம், உங்கள் நஷ்டம் அங்கேதான். சிப்பி தன் நாரால் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் சுட்டால் அந்த நார் பலமிழக்கும். ஏப்ரல், மே வெயிலில் ஆழமில்லாத கழிமுகம் நன்றாகக் காய்ந்துவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, ஆனால் சூட்டில் சிப்பிக்கு ஆக்சிஜனும் தீனியும் அதிகம் வேண்டும். அந்த நிலையில் மழை பெய்து ஆற்று நீர் இறங்கியது. நன்னீர் கனம் குறைந்தது, உப்புத் தண்ணீர் மேல் மிதந்து நிற்கும். சிப்பி ஓட்டை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருக்கும். குளிர்ந்த காலமானால் சில நாள் தாங்கும். சூட்டில் உள்ளே இருக்கும் இருப்பு சீக்கிரம் தீர்ந்து, திறந்துதான் ஆக வேண்டும். வெயில் மட்டும் வந்திருந்தாலோ மழை மட்டும் வந்திருந்தாலோ இவ்வளவு செத்திருக்காது. ஆற்று வெள்ளம் பிஹெச்சையும் சற்று இறக்கியிருக்கும்தான். புகைபோக்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சந்தேகமிருந்தால் மிச்சக் கயிற்றைப் பாருங்கள். மேல்பகுதி காலியாகி அடிப்பகுதி தங்கியிருந்தால் நன்னீர். அடிப்பகுதி மட்டும் செத்திருந்தால் சேற்றின் மூச்சுமுட்டல். நெருக்கியடித்த நடுப்பகுதி கொத்தாகப் போயிருந்தால் சூடும் நெரிசலும்.

இந்தச் சூடு போகிற போக்கில் வந்ததல்ல. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சராசரியாக ஒரு டிகிரி ஏறியிருக்கிறது என்று இந்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீட்டு அறிக்கையே சொல்கிறது. 2021 ஜூன் மாதம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெப்ப அலை அடித்தபோது, கரைப் பாறைகளில் சிப்பியும் மற்றவையுமாக நூறு கோடிக்கு மேல் செத்திருக்கலாம் என்று அங்குள்ள கடலுயிரியல் பேராசிரியர் கிறிஸ் ஹார்லி கணக்கிட்டார். சில நாள் சூடு, அவ்வளவுதான்.

இனி ஒரு விதிவிலக்கு. ஏஜென்ட் ‘அமெரிக்காவிலேயே ஊற்றுகிறார்கள்’ என்று அடுத்த முறை சொல்வார் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். ஒரேகான் மாநிலத்தின் நெட்டார்ட்ஸ் விரிகுடாக் கரையில் விஸ்கி கிரீக் என்ற பொரிப்பகம் இருக்கிறது, ஆளி என்ற இன்னொரு வகைச் சிப்பியின் குஞ்சு பொரிக்கும் இடம். 2007, 2008 ஆண்டுகளில் அங்கே குஞ்சுகள் தொட்டி தொட்டியாகச் செத்தன. முதலில் பாக்டீரியா என்று நினைத்துச் செலவழித்தார்கள், சாவு நிற்கவில்லை. பிறகு பொரிப்பகத்தின் ஆலன் பார்ட்டனும் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பர்க் ஹேல்ஸும் தண்ணீரின் கரியமில வாயுவை அளந்தார்கள். கோடையில் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து அந்த வாயு நிறைந்த குளிர்நீர் மேலேறி வந்து குழாயில் நுழைகிறது என்று தெரிந்தது. ஆளிக் குஞ்சு தன் முதல் ஓட்டைப் பிறந்த இரண்டு நாளுக்குள் கட்டியாக வேண்டும். அப்போது அது சரியாகத் தின்னக்கூடத் தொடங்கியிருக்காது, முட்டையில் வந்த சத்துதான் மூலதனம். கார்பனேட் குறைந்த தண்ணீரில் அந்த மூலதனம் ஓட்டுக்கே செலவாகிப்போகும். அதனால் கடற்புல் வாயுவை இழுத்துக்கொண்ட பிற்பகலில் தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். தொட்டியில் அளந்து அளந்து சோடியம் கார்பனேட் என்ற சோடா உப்பு சேர்த்தார்கள். உற்பத்தி மீண்டது. 2012இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது.

கவனியுங்கள்: அது தொட்டி, அங்கே இருந்தது கண்ணுக்குத் தெரியாத குஞ்சு, கருவி ஓயாமல் அளந்துகொண்டிருந்தது. உங்களிடம் இந்த மூன்றும் இல்லை. உங்கள் குஞ்சு பாறையிலிருந்து சுரண்டி வருகிறது. அது கயிற்றுக்கு வரும்போது முதல் ஓட்டு ஆபத்தை என்றோ தாண்டியிருக்கும். நாளை நீங்களே பொரிப்பகம் வைத்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது பதில் வேறு.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு கேன் காசுக்குள் ஒரு நல்ல தெர்மாமீட்டரும், இறால் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் உப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் வாங்கிவிடலாம். காலையும் பிற்பகலும் மேல்தண்ணீர், அடித்தண்ணீர் இரண்டையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். கடல் உப்பு ஆயிரத்துக்கு 35 அளவில் இருக்கும். மேல்தண்ணீர் 20க்குக் கீழே இறங்கினாலோ, சூடு 32 டிகிரியைத் தாண்டி நின்றாலோ அறுவடைக்கு ஆளைக் கூப்பிடுங்கள். ஆழம் இருந்தால் கயிற்றை இறக்கிக் கட்டுங்கள், குஞ்சை நெருக்கிக் கட்டாதீர்கள். தீனி தாராளமாகக் கிடைக்கும் சிப்பி கரியமில வாயு மிகுந்த தண்ணீரிலும் சமாளிக்கும், ஜெர்மனியின் கீல் குடாவில் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், ஏப்ரல் கடைசிக்குள் அறுவடையை முடியுங்கள். இங்கேதான் கேன்காரரைவிட மோசமான ஆள் வருகிறார். “இன்னும் ரெண்டு வாரம் பெருக்கட்டும் அக்கா, ரேட் ஏறும்” என்பார் சிப்பி வியாபாரி. அவருக்கு நஷ்டம் எதுவுமில்லை. மழை விழுந்ததும் அதே ஆள் பாதி விலைக்குக் கேட்பார், நீங்களும் பதறிக் கொடுப்பீர்கள். வருஷா வருஷம் இதையே பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

அரசாங்கத்தைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. 2020இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா என்ற மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம் வைத்தார்கள், நல்ல விஷயம். கயிற்றுக்கும் மூங்கிலுக்கும் பணம் வருகிறது. ஆனால் அந்த மூங்கில் நிற்கும் கழிமுகத்தில் அன்றாடம் சூட்டையும் உப்பையும் அளந்து மீனவர் கைப்பேசிக்கு அனுப்ப ஒரு ஏற்பாடு இல்லை. சிப்பி செத்தால் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு மனு நடக்கிறது. கடைசியில் பார்க்க வருபவர் காய்ந்த ஓட்டைத்தான் பார்க்கிறார். வங்கியும் ‘ஆதாரம்’ கேட்கும். தேதி போட்ட உங்கள் நோட்டுதான் ஆதாரம். தவணை தவறும் முன்பே அதை எடுத்துக்கொண்டு மேலாளரைப் பாருங்கள், தவறிய பிறகு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

மறுபடி சாவு தொடங்கினால் அன்றைக்கே மாதிரி எடுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு விழிஞ்ஞத்திலும் தூத்துக்குடியிலும் மையங்கள் உள்ளன, விழிஞ்ஞம் உங்களுக்குப் பக்கம். நாறிப்போனதை மூட்டை கட்டாதீர்கள். உயிரோடு இருப்பதில் பத்து, வாய் பிளக்கத் தொடங்கியதில் பத்து, தனித்தனிப் பையில் போட்டு, ஐஸ் நேரடியாகப் படாமல் நடுவில் ஈரச்சாக்கு வைத்துக் கொண்டுபோங்கள். கயிற்றில் எந்த ஆழத்திலிருந்து எடுத்தீர்கள் என்று பையின் மேல் எழுதுங்கள்.