தபால்காரர் வேலையா?

அன்புள்ள ஐயா,

சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். களப்பணிக்காக வாரம் இரண்டு நாள் ஒரு மத்தியச் சிறைக்குச் செல்கிறேன். வகுப்பில் ஆற்றுப்படுத்தும் (கவுன்சலிங்) முறைகளைப் படித்துவிட்டுப் போனால், அங்கே எல்லோரும் வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். தபால்காரர் வேலைக்கா இந்தப் படிப்பு?
ம.

அன்புள்ள ம.,

அந்தத் தபால் வேலைக்குத்தான் சிறைக்குள் ஆள் இல்லை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களும் இதில் அடக்கம்.

களப்பணி மாணவர்களை நான் மேற்பார்வையிட்ட காலத்தில், உத்தரவு வந்து நாற்பது நாளாகியும் வெளியே போக முடியாத ஒரு கட்டடத் தொழிலாளியைப் பார்த்தேன். அவருடைய கைபேசி காவல் நிலையத்தில் இருந்தது. நினைவில் இருந்ததோ ஊர் மளிகைக்கடையின் எண் மட்டும், அதிலும் கடைசி இலக்கத்தில் சந்தேகம். என் மாணவி நல அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அந்த ஓர் இலக்கத்தை மாற்றி மாற்றி அழைத்து, ஐந்தாம் முறை கடைக்காரரைப் பிடித்தார். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், அவர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூன்றாம் நாள் வீட்டுவரி ரசீதை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு அண்ணன் வந்து சேர்ந்தார். அந்த மாணவி அன்று எழுதிய அறிக்கையில் 'தலையீடு', அதாவது மாணவி செய்த உதவி, என்ற கட்டத்தில் ஒரே வரிதான் இருந்தது. கல்லூரியில் அதற்கு மதிப்பெண் குறைத்தார்கள் என்பது வேறு கதை.

1990இல் டாடா சமூக அறிவியல் கழகம் மும்பையில் தொடங்கிய பிரயாஸ் திட்டத்தில், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் சிறைக்குள் சென்று, குடும்பத் தொடர்பு, சட்ட உதவி, விடுதலைக்குப் பின் பிழைப்பு ஆகிய மூன்றையும் ஒரே வேலையாகப் பார்க்கிறார்கள். நம் பாடத்திட்டங்கள் இவற்றைத் தனித்தனித் தாள்களாக்கிவிட்டன. ஆனால் ஓர் எச்சரிக்கை: அனுமதியின்றி ஒரு துண்டுச்சீட்டைக்கூட வெளியே கொண்டுபோகாதீர்கள், நாளைக்கே விடுவார்கள் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். முதல் சந்திப்பில் என்ன வழக்கு என்று கேட்காமல், மனு பார்க்க, அதாவது சிறையில் நேரில் சந்திக்க, கடைசியாக யார் வந்தார்கள் என்று கேளுங்கள்.

ஜாமீன் கிடைத்து ஏழு நாளுக்குள் ஒருவர் விடுவிக்கப்படாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த முறை போகும்போது, அந்த ஏழு நாளைக் கடந்தவர்கள் யார் யார் என்று நல அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் முதல் பெயரிலிருந்து தொடங்கலாம்.