கார் கம்பெனிகள் கைமாறினால் உங்கள் மகளுக்கு என்ன?

தேனியிலிருந்து ஓர் அப்பா கேட்கிறார். பத்தாவது முடித்த மகள் கார் தயாரிக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். மைத்துனரோ, "ஃபோர்டு மறைமலைநகரில் நிறுத்திவிட்டான், நிசான் ஒரகடம் ஆலையில் இருந்த தன் பங்கை ரெனோவுக்கு விற்றுவிட்டான், அந்தத் துறையே வேண்டாம், பிளஸ் டூ முடித்ததும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்கிறாராம்.

கவலை புரிகிறது. ஆனால் மைத்துனர் சொல்வது பாதிக் கதை. ரெனோவும் நிசானும் கூட்டாக 2010-இல் சென்னை அருகே தொடங்கிய ஒரகடம் ஆலையில், ஒரே டிசைனில் ரெனோ டஸ்டரும் நிசான் டெரானோவும் ஒன்றாகத் தயாராகின. 2025-இல் ஆலை முழுவதும் ரெனோவிடம் போன பிறகும் அங்கேதான் நிசான் மேக்னைட் தயாராகிறது. மாருதி பலேனோ 2019 முதல் டொயோட்டா கிளான்சா என்ற பெயரிலும் வருகிறது. டொயோட்டாவின் ஹைக்ராஸ் மாருதி இன்விக்டோவாக வருகிறது. மாருதியின் தாய் நிறுவனமான சுசுகியின் பங்குகளில் ஏறக்குறைய 5 சதவீதத்தை டொயோட்டா வாங்கியும் வைத்திருக்கிறது. டிசைனைப் பகிர்ந்தபின் யாரும் பாதியில் கழன்றுகொள்ளக் கூடாதே.

இப்படிப் பகிர்வதற்குக் காரணம் காசு. புது மாடல் என்றால் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் எஃகு அச்சான டை, பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் மோல்டு, வெல்டிங்கின்போது பாகங்களைப் பிடித்துவைக்கும் ஃபிக்சர் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். செலவு பல நூறு கோடி. அதே டையில் போட்டியாளருக்கும் கதவு அடித்துக் கொடுத்தால் செலவு பங்காகிவிடும். பெயர்ப்பலகை மாறலாம், டை செய்கிறவரின் கைத்தொழில் மாறாது.

அதனால் நான் சொல்வது டூல் அண்ட் டை டிப்ளமோ. பத்தாவது போதும். திண்டுக்கல்லிலேயே அதற்கென்று அரசு கல்லூரி இருக்கிறது, உங்களுக்குப் பக்கம். எஃகுக் கட்டியை சிஎன்சி என்ற கம்ப்யூட்டர் இயக்கும் இயந்திரத்தில் குடைவது, மின்பொறியால் அறுக்கும் மெல்லிய கம்பியான வயர்கட்டில் அறுப்பது, நீல மை தடவி டையின் இரண்டு பாதியும் எங்கே உரசுகிறது என்று பார்த்துத் தேய்ப்பது, பிரஸ்ஸில் அடித்துப் பார்த்துத் தகடு கிழிகிறதா, சுருக்கம் விழுகிறதா, அழுத்தம் விலகியதும் நிமிர்ந்துவிடுகிறதா என்று திருத்துவது: வேலை இதுதான். மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் பொறுமை வேண்டும். வீட்டுப் பூட்டையெல்லாம் கழற்றி மாட்டுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கைதான் இதற்குத் தேவை. பிறகு பி.இ. வேண்டுமென்றால் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் சீட் வாங்காதீர்கள். இதில் எனக்குச் சமரசம் இல்லை. வட்டி கட்டப்போவது மைத்துனர் அல்ல, நீங்கள்.

சேர்க்கைக்கு முன் அவளைத் திண்டுக்கல்லுக்கு அழைத்துப்போய் ஒர்க்‌ஷாப்பைக் காட்டுங்கள். சத்தமும் எண்ணெய்ப் பிசுக்கும் நாள் முழுக்க நிற்பதும் பிடிக்கவில்லை என்றால், சரி, பிளஸ் ஒன்னில் சேருங்கள். அந்த முடிவை அவள் சொல்லட்டும்.