எல்லா மீட்டருக்கும் ஒரே முகவரியா?

கேள்வி: பீன்யாவில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தின் மின் பராமரிப்பு என் பொறுப்பு. பன்னிரண்டு எனர்ஜி மீட்டர்களை ஒரே ஆர்எஸ்-485 லைனில் (பல கருவிகள் ஒரே ஜோடி வயரில் பேசும் முறை) கோர்த்து, ஆபீஸ் கணினியிலிருந்தே படிக்கலாம் என்று வயர் இழுத்தோம். ஒரு மீட்டரை மட்டும் மாட்டினால் ரீடிங் வருகிறது. எல்லாவற்றையும் மாட்டினால் டைம் அவுட், எப்போதாவது ஒரு ரீடிங். வயரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: வயரில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். தனியாக மாட்டினால் ஒவ்வொன்றும் பேசுகிறது, சேர்த்தால் பேசவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது முகவரியை, அதாவது கணினி ஒவ்வொரு மீட்டரையும் அழைக்கும் எண்ணைத்தான். புது மீட்டர்கள் பெரும்பாலும் முகவரி 1 என்றே பெட்டியிலிருந்து வருகின்றன. கணினி "1-ஆம் எண், ரீடிங் கொடு" என்று கேட்டதும் பன்னிரண்டும் ஒரே ஜோடி வயரில் ஒன்றாகப் பதில் சொல்லும், சிக்னல்கள் மோதிச் சிதையும், பதிலின் கடைசியில் வரும் சிஆர்சி சரிபார்ப்பு பொருந்தாததால் கணினி அதைத் தூக்கிப் போட்டுவிடும். எப்போதாவது ஒன்று முந்திக்கொண்டால் அந்த ரீடிங் வந்துவிடுகிறது, அது எந்த மீட்டருடையது என்பது மட்டும் தெரியாது. பேசாமல் இருப்பதைவிட இது மோசம், ஏனென்றால் அந்த எண்ணை நம்பி யாராவது கணக்குப் போட்டுவிடுவார்கள்.

உங்கள் மீட்டர்கள் அந்த லைனில் பேசுவது மோட்பஸ் ஆர்டியு என்ற மொழி என்றே எடுத்துக்கொள்கிறேன். 1979-இல் மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகள்) கொண்டுவந்தது அது. வைஃபை ரவுட்டர் போனுக்குத் தானாக முகவரி கொடுப்பதுபோல இதில் எதுவும் நடக்காது, நாம்தான் கொடுக்க வேண்டும். 1 முதல் 247 வரை கொடுக்கலாம். 0 எல்லோருக்குமான பொது அழைப்பு, அதற்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள். அவசரத்தில் 0-க்கு முகவரி மாற்றும் கட்டளையை அனுப்பிவிடாதீர்கள், அதை ஏற்கிற மீட்டர்கள் எல்லாம் ஒரே புது எண்ணுக்குப் போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான். எல்லாவற்றையும் லைனிலிருந்து கழற்றுங்கள். மீட்டரிலேயே பட்டன் இருந்தால் மெனுவில் மாற்றலாம், இல்லாவிட்டால் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் யுஎஸ்பி - 485 கன்வெர்ட்டரை லேப்டாப்பில் போட்டு ஒவ்வொன்றாக இணைத்து மாற்றுங்கள். சில மாடல்களில் கரண்டை நிறுத்திப் போட்டால்தான் புது எண் ஏறும். எண்ணை ஸ்டிக்கரில் எழுதி மீட்டரிலும், பேனல் கதவின் உள்பக்கப் பட்டியலிலும் ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பாட் ரேட்டும் (தகவல் போகும் வேகம்) பாரிட்டியும் (பிழை பார்க்கும் பிட்) எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: 1-ஐ யாருக்கும் கொடுக்காதீர்கள். 11-இல் தொடங்குங்கள். நாளைக்கு ஒரு மீட்டர் கெட்டு, 1 என்ற எண்ணோடு புதுசு வந்தால், அதை அப்படியே லைனில் மாட்டி அங்கேயே எண் மாற்றிக்கொள்ளலாம், ஓடிக்கொண்டிருக்கும் மற்றவை கலங்காது.

இதற்கப்புறமும் தடுமாறினால் வயரைப் பாருங்கள். லைன் ஒரு மீட்டரிலிருந்து அடுத்ததற்கு என்று நேராகப் போக வேண்டும், நடுவில் கிளை பிரியக் கூடாது. 120 ஓம் ரெசிஸ்டர் இரண்டு கோடிகளில் மட்டும். ஏ, பி முனைகளின் பெயரைச் சில கம்பெனிகள் தலைகீழாகப் போடுகின்றன, மாற்றி மாட்டிப் பார்ப்பதால் எதுவும் கெட்டுப்போகாது.

கேள்வி: 247 வரை முகவரி உண்டு என்றால் எங்கள் அடுக்ககத்தின் 60 தண்ணீர் மீட்டர்களையும் ஒரே லைனில் போடலாமா?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: முகவரி போதும், லைன் தாங்குமா என்பது வேறு கணக்கு. ஆர்எஸ்-485 தரநிலை 32 யூனிட் லோடு (ஒரு கருவி லைன்மேல் ஏற்றும் சுமையின் அளவு) வரைதான் பேசுகிறது. மீட்டருக்குள் இருப்பது 1/8 லோடு சிப் என்றால் 60 தாராளமாகப் போகும், முழு லோடு என்றால் நடுவில் ரிப்பீட்டர் (சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் கருவி) போடுங்கள், அல்லது இரண்டு லைனாகப் பிரியுங்கள். வாங்கும் முன்பே டேட்டா ஷீட்டில் இந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்.