நிறுத்தி வைப்பது தீர்ப்பு ஆகாது

அணித் தலைவரை நிறுத்தி வைக்கலாம். பாலியல் வன்முறைப் புகார் விசாரணையில் இருக்கும்போது, குற்றம் சாட்டப்பட்ட உதைபந்தாட்ட அணித் தலைவரை விலக்கினால், 'நிரூபிக்கும்வரை நிரபராதி' என்ற உரிமை மீறப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். மீறப்படாது. இலங்கை அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை சொல்லும் அந்த உரிமை, ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பதைப் பற்றியது. சனிக்கிழமை மெக்கெய்சர் மைதானத்தில் யார் இறங்குவது என்பது வேறு விஷயம்.

தலைவரை நிரபராதி என்று கருதுவதை, புகார் கொடுத்த பிள்ளை பொய் சொல்கிறாள் என்று உங்கள் அணி எடுத்துக்கொண்டது போலத் தெரிகிறது. இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக வீரர்கள் மூவர் மீதான பாலியல் வன்முறை வழக்கு 2007இல் கைவிடப்பட்டு, அவர்கள் குற்றமற்றவர்கள் என்று மாநிலச் சட்டமா அதிபரே அறிவித்தார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நீச்சல் வீரர் ஒருவரை இன்னொரு பாலியல் வன்முறை வழக்கில் 2016இல் ஜூரி குற்றவாளியாகக் கண்டது. வீரர் என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டியிருந்தால் ஒன்றில் பெரிய அநியாயம் நடந்திருக்கும்.

தலைவரை நிறுத்தி வைக்கும் அறிவித்தலை அனுப்ப முதல் வாசித்துப் பாருங்கள். 'குற்றவாளி', 'பொய்ப் புகார்' என்ற சொற்கள் இருந்தால் வெட்டுங்கள். 'விசாரணை முடியும்வரை தற்காலிகமாக' என்பதே போதும்.

அப்புறம் வாட்ஸ்அப் குழு. 'உப்புவெளிப் பிள்ளை, இரண்டாம் வருடம்' என்று ஒரு வரி போட்டாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். புகார் கொடுத்தவர் யார் என்று தெரியும்படி வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். அப்படி ஏதும் வந்திருந்தால் இன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள்.

ஒன்று கவனம்: அந்தப் பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால் கல்லூரிக்குள் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். உடனே சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.