இலந்தப்பழம் சாப்பிடாத ஊரு: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல கொல்கத்தால பன்னெண்டு வருஷம் இருந்தேன்னு ரெண்டு வரி எழுதினேன், அதுல அந்த ஊரு சரஸ்வதி பூஜைன்னு போறபோக்குல ஒரு வார்த்தை, அவ்ளோதான். வந்த கேள்வி பூரா அதப் பத்திதான். சரி, இந்த தடவை வேற எதையும் எடுக்கல.

அக்கா, வீட்டுக்காரருக்கு ட்ரான்ஸ்பர் ஆகி கொல்கத்தா வந்து ஆறு மாசம் ஆச்சு. பையனுக்கு மூணு வயசு. அப்பார்ட்மென்ட்ல எல்லாரும் வசந்த பஞ்சமி அன்னிக்கு, அதான் இங்க சரஸ்வதி பூஜை, எழுத்து ஆரம்பிக்கற ஹாத்தே கொரிய பண்ணிடுங்கறாங்க. கும்பகோணத்துல மாமியாரோ விஜயதசமிக்குத்தான் எழுத்து ஆரம்பிக்கணும், தை மாசத்துல என்ன சரஸ்வதி பூஜைன்னு கோவப்படறாங்க. நான் யார் பேச்ச கேக்கறது?
*வாசகி, கொல்கத்தா*

ரெண்டு பேர் பேச்சையும் கேளும்மா, ஒண்ணும் குடி முழுகிடாது. சாமி வேற இல்ல, நாள்தான் வேற. நம்மூர்ல நவராத்திரி ஒம்பதாம் நாள் பூஜை, மறுநாள் விஜயதசமி. பெங்கால்ல அந்த சமயம் பூரா துர்கா பூஜைதான், அதுலயும் சரஸ்வதி இருப்பா, ஆனா துர்காவோட பொண்ணா, லட்சுமி, புள்ளையார், முருகன்னு கூடப்பொறந்தவங்களோட அம்மா பக்கத்துல நின்னுட்டிருப்பா. (நமக்கு பிரம்மாவோட சம்சாரம், அவங்களுக்கு துர்காவோட பொண்ணு. இத மாமியார்கிட்ட சொல்லாத, அது தனி சண்டையா போயிடும்.) அப்படி அம்மாவோட வந்துட்டு போனவ, மாக மாசம் வளர்பிறை பஞ்சமிக்கு தனியா வர்றா. நம்ம கணக்குக்கு பெரும்பாலும் தை, சில வருஷம் மாசி ஆரம்பத்துல விழும். 2024ல பிப்ரவரி 14, 2026ல ஜனவரி 23, அன்னிக்கே நேதாஜி பொறந்த நாளும்.

ஹாத்தே கொரின்னா கையில சாக்பீஸ், அவ்ளோதான் அர்த்தம். குட்டிப் பையனுக்கு வேட்டி, குட்டிப் பொண்ணுக்கு மஞ்சள் பொடவைய சுத்தி விட்டு, பொடவ அவுந்து விழ விழ பின்னாடியே பாட்டி குண்டூசியோட ஓடுவாங்க. புரோகிதர் மடியில உக்கார வச்சு கையப் பிடிச்சு ஸ்லேட்டுல வங்காள அ, ஆ எழுத வைப்பார். சாமி முன்னாடி மண்ணுல செஞ்ச சின்ன மைக்கூடு இருக்கும், அதுல மை இல்ல, பால், கூடவே நாணல்ல சீவின பேனா. பெரிய பசங்க அந்த பேனாவ பாலுல தொட்டு வில்வ இலையில சாமி பேர எழுதுவாங்க. நாம நெல்லுல விரலால எழுத வைக்கறோம், அவங்க சாக்பீஸால, இதுல எது பெருசு எது சின்னது? தெலுங்குக்காரங்க பாசரைக்கு, அதான் கோதாவரி கரையில நிர்மல் ஜில்லால இருக்கற ஞான சரஸ்வதி கோயிலுக்கு, புள்ளைங்கள தூக்கிட்டு போய் எழுத்து ஆரம்பிப்பாங்க, வசந்த பஞ்சமின்னா அங்க நிக்க எடம் கெடைக்காது. அதனால இது பெங்காலிங்க வழக்கம் மட்டும்னும் சொல்லிட முடியாது.

எங்க வீட்ல ரெண்டும் பண்ணோம். ஒரு தமாஷ் சொல்றேன், வங்காளத்துல அ-ங்கற எழுத்த ஒ-ன்னுதான் சொல்வாங்க, அன்னிக்கு பூரா எம் பையன் ஒ, ஒ-ன்னு கத்திட்டே திரிஞ்சான், ஃபோன்ல கேட்ட எங்க மாமனார் "பய கடைசியிலேர்ந்து ஆரம்பிக்கறான்டி"ன்னார். அப்புறம் ஐப்பசில ஊருக்குப் போய் தாத்தா மடியில உக்காந்து நெல்லுல தமிழ் அ எழுதினான். உம் மாமியாருக்கு வேண்டியது அந்த மடியும் அந்த நெல்லும்தாம்மா. விஜயதசமிக்கு டிக்கெட் போட்டாச்சுன்னு இப்பவே சொல்லிடு, கோவம் பாதி எறங்கிடும்.

எங்க தெருவுல பெங்காலி ஃபேமிலி ஒண்ணு இருக்கு. அந்த வீட்டு பாப்பாவுக்கு இலந்தப்பழம் குடுத்தா, பூஜைக்கு முன்னாடி சாப்பிட்டா ஃபெயில் ஆயிடுவேன்னு சொல்லுது. நெஜமாவா?
*வாசகர், மதுரை*

சார், நீங்க பண்ண தப்ப மொத வருஷமே நான் பண்ணிட்டேன். கொல்கத்தால லேக் மார்க்கெட் பக்கம் எங்க வீடு, வாழ இலையிலேர்ந்து ஃபில்டர் காப்பித்தூள் வரைக்கும் நம்ம சாமான் எல்லாம் கெடைக்கற ஏரியா. ஜனவரில கூடை கூடையா இலந்தை வந்துச்சு, ஆசையா வாங்கிட்டு வந்து எதிர் வீட்டு நாலாங்கிளாஸ் பொண்ணு கையில ஒரு பிடி குடுத்தேன். அது என்னவோ நான் வெஷம் குடுத்த மாதிரி கைய ஒதறிட்டு அம்மான்னு அலறிட்டு ஓடிப்போச்சு. அவங்க அம்மா வந்து சிரிச்சுகிட்டே வெளக்கம் சொன்னாங்க. அங்க இலந்தைக்கு குல்-னு பேரு. வருஷத்து மொத குல் சரஸ்வதிக்குத்தான், அவளுக்கு படைக்காம தின்னா படிப்பு ஏறாது. புளிப்புக்கா தின்னு பசங்க தொண்டை கட்டிக்கக் கூடாதுன்னு பெரியவங்க போட்ட கட்டுப்பாடுன்னும் சொல்வாங்க, இருக்கலாம், ஆனா எனக்கு அந்த வெளக்கத்த விட அந்த பொண்ணு மூஞ்சிதான் புடிச்சுது. எட்டு வயசுக் கொழந்த ஒரு சாமிய நம்பி வாய கட்டிட்டு இருக்கு, அதுவும் இலந்தப்பழ விஷயத்துல! நாம அந்த வயசுல இலந்த வடைக்கு அடிச்சுகிட்டது ஞாபகம் இருக்கா? பாப்பாவ கட்டாயப்படுத்தாதீங்க. பூஜை முடிஞ்ச மறு நிமிஷம் அதுவே வந்து கேக்கும்.

சரஸ்வதி பூஜை அன்னிக்கு மீன் சமைப்பாங்கன்னு கேள்விப்பட்டேன். சீச்சீ, உண்மையா?
*வாசகி, மயிலாப்பூர்*

சில வீட்ல உண்மை. பந்தல்ல குடுக்கறது சைவம்தான், கிச்சடி, எல்லா காயும் போட்ட லாப்ரா, கத்திரிக்கா பஜ்ஜி, குல் சட்னி, பாயசம், அந்த கிச்சடிக்காகவே நான் ரெண்டாவது தடவை வரிசையில நிப்பேன். ஆனா கிழக்கு வங்காளத்துலேர்ந்து வந்த குடும்பங்கள்ல அன்னிக்கு ஜோடி இலிஷ் வாங்கி, அதான் ஹில்சா மீனு, மஞ்சள் குங்குமம் வச்சு வரவேத்து சமைப்பாங்க. ஐப்பசிலேர்ந்து அதுவரைக்கும் இலிஷ தொடாம இருந்துட்டு, மீனு பெருகட்டும்னு விட்டுட்டு, இந்த பூஜைக்குத்தான் மறுபடி ஆரம்பிக்கறது. மேற்கு வங்காளத்து பழைய குடும்பங்கள்ல நேர்மாறு, மறுநாள் சஷ்டிக்கு அடுப்பே பத்த வைக்க மாட்டாங்க, முந்தின நாள் முழுசு முழுசா வேக வச்ச காயும் பயறும் ஆறினதுதான் சாப்பாடு. சீச்சீ எல்லாம் வேணாம்மா, அவங்கவங்க வீட்டு வழக்கம்.

நான் அங்க காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர். இத பெங்காலி வேலன்டைன்ஸ் டேன்னு சொல்லி ஹாஸ்டல்ல எல்லாரும் மஞ்சள் பொடவை தேடறாங்க. சாமி கும்பிடற நாளா, சைட் அடிக்கற நாளா ஆன்ட்டி?
*மாணவி, கொல்கத்தா*

ரெண்டும்தான், காலைல பதினொரு மணி வரைக்கும் மொதல் ஐட்டம். பட்டினியா இருந்து அஞ்சலிக்கு மூணு தடவை பூ போடற வரைக்கும் எல்லாரும் நல்ல புள்ளைங்க. அதுக்கப்புறம் கேர்ள்ஸ் ஸ்கூல் கேட்டு தெறந்திருக்கும், பக்கத்து பாய்ஸ் ஸ்கூல் பசங்க சாமி பாக்க வர்றோம்னு தல வாரிட்டு வருவாங்க, வருஷத்துல அந்த ஒரு நாள் வாட்ச்மேனும் ஒண்ணும் சொல்ல மாட்டார். நெறைய பொண்ணுங்க அம்மா பொடவைய மொதமொதல்ல கட்டறதும் அன்னிக்குத்தான். 2024ல ரெண்டும் ஒரே தேதில விழுந்தப்ப கேக்கவே வேணாம். அந்த மஞ்சளுக்கு பாஷொந்தின்னு பேரு, வசந்தத்தோட நிறம். தலையில வைக்க பலாசப் பூ கேளு, நம்மூர் புரசம்பூதான் அது.

படிக்கிற எடத்துல சாமி எதுக்கு? காலேஜ்ல பூஜை போடறது சரியா?
*வாசகர், பெங்களூர்*

இந்த சண்டை ஒங்களுக்கு முன்னாடியே பெரிய ஆளுங்க போட்டுட்டாங்க. 1928ல கொல்கத்தா சிட்டி காலேஜ் ஹாஸ்டல்ல பசங்க சரஸ்வதி பூஜை பண்ணாங்க. அது பிரம்ம சமாஜத்துக்காரங்க நடத்தின காலேஜ், அவங்களுக்கு உருவ வழிபாடே ஆகாது, நிர்வாகம் கூடாதுன்னுது. சுபாஷ் சந்திர போஸ் பசங்க பக்கம், தாகூர் காலேஜ் பக்கம், ஊரே ரெண்டாச்சு. பசங்க வெளிய போகப் போக காலேஜுக்கு பணமுடை, வேலை போன வாத்தியார்கள்ல ஜீவனானந்த தாஸும் ஒருத்தர், பின்னால வங்காளத்தோட பெரிய கவிஞர்னு பேர் வாங்கினவர். சரஸ்வதி சண்டையில கவிஞனுக்கே வேலை போச்சு பாருங்க. பிரம்ம சமாஜத்துக்காரங்க எடம்னு தெரிஞ்சுதான் பசங்க சேர்ந்தாங்க, அதனால நான் தாகூர் பக்கம்தான், ஆனா இத அந்த ஊர்ல சத்தமா சொன்னதில்ல.

மாமி, அன்னிக்கு புக்கே தொடக்கூடாதாமே? எங்க ஸ்கூல்ல மறுநாள் மேத்ஸ் டெஸ்ட்.
*ஏழாங்கிளாஸ் மாணவன், ஹௌரா*

ஆமாண்டா கண்ணு, புக்கெல்லாம் சாமி காலடியில, மறுநாள் அவலும் தயிரும் கலந்து படைச்சு பூஜைய முடிச்சப்புறம்தான் கைக்கு வரும். எங்க பில்டிங் பசங்க எல்லாம் சொல்லி வச்ச மாதிரி கணக்கு புக்கத்தான் மொதல்ல அடுக்குவாங்க, இங்கிலீஷ் ரீடர் ஒண்ணு கூட இருக்காது. நீ முந்தின நாளே நாலு சாப்டர் போட்டுப் பாத்துட்டு அப்புறம் கொண்டு போய் வை. இலந்தப்பழம் இது வரைக்கும் தின்னலதானே?